பயிற்சியாளரை மாற்றினால் அணி எழுந்துவிடுமா?

தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்ற கால்பந்து அணிக்கு ரசிகர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டில் ஒரே ஒரு மருந்துதான் இருக்கும்: தலைமைப் பயிற்சியாளரை மாற்றுங்கள். அணியில் உள்ள வீரர்கள் அனைவரையும் ஒரே நாளில் அனுப்பிவிட முடியாது. உரிமையாளர் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளப் போவதில்லை. மிஞ்சுபவர், கோட்டுக்கு வெளியே கைகட்டி நிற்கும் அந்த ஒருவர் மட்டுமே. அவரை அனுப்புவது எளிது. அடுத்தவரை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கடினமான கேள்வி. அதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கில் தமிழ்நாட்டின் ஒரே பிரதிநிதியான சென்னையின் எஃப்சி, இந்தக் கேள்விக்குச் சிறந்த பாடப்புத்தகம். 2014இல் தொடங்கிய அந்த அணி 2015, 2017-18 ஆகிய இரு சீசன்களில் சாம்பியன். 2018-19இல் கடைசி இடம். 2019-20இல் இறுதிப் போட்டி வரை வந்தது. அதன் பிறகு தொடர்ந்து மூன்று சீசன்கள் எட்டாவது இடம். 2023-24இல் ஆறாவது, 2024-25இல் 13 அணிகளில் பதினோராவது. இதற்குள் மார்கோ மாடராஸி, ஜான் கிரிகோரி, ஓவன் காயில், சாபா லாஸ்லோ, போஸிதார் பாண்டோவிச், தாமஸ் பிரதாரிச், மறுபடியும் காயில், 2025இல் கிளிஃபோர்டு மிராண்டா எனப் பயிற்சியாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு சென்னை அணியைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். மலைச்சரிவு மக்களுக்குக் கால்பந்து புதிதல்ல. குரங்கணியிலிருந்து மேலேறி டாப் ஸ்டேஷனைத் தாண்டினால் மூணாறு தேயிலைத் தோட்டங்கள். அங்கே தோட்ட அணிகளுக்கு இடையிலான ஃபின்லே கால்பந்துப் போட்டி வெள்ளைக்காரர் காலத்து மரபு. அந்த அணிகளில் ஆடியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள். குரங்கணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 2018 மார்ச் 11 காட்டுத்தீ. அதே வாரச் சனிக்கிழமை, மார்ச் 17 அன்று, சென்னை அணி பெங்களூருவில் பெங்களூரு எஃப்சியை 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது முறையாகக் கோப்பையை எடுத்தது. எங்கள் பக்கம் அதைக் கொண்டாடும் மனநிலையில் அன்று யாரும் இல்லை.

நான்கு சரிவுகள், நான்கு முடிவுகள்: சென்னை அணியின் வரலாற்றில் நான்கு சரிவுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது 2015. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது அணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. நிர்வாகம் மாடராஸியை நீக்கவில்லை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் அணி வென்றது. டிசம்பர் வெள்ளத்தால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புணேவுக்குப் போனது, அங்கும் வென்றது. கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, 3-2 என்று வென்று சாம்பியன் ஆனது.

இரண்டாவது 2018-19. முந்தைய ஆண்டின் சாம்பியன் அணி, அதே கிரிகோரி. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 13 தோல்வி, ஒன்பது புள்ளிகள். இப்போதும் நிர்வாகம் பொறுமை காத்தது. பலன், கடைசி இடம்.

மூன்றாவது 2019-20. முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. நவம்பர் இறுதியில் கிரிகோரி விலகினார். டிசம்பரில் காயில் வந்தார். எஞ்சிய 12 லீக் ஆட்டங்களில் அணி 24 புள்ளிகள் எடுத்து நான்காவது இடத்துக்கு ஏறியது. அரையிறுதியில் கோவாவை வென்று இறுதிக்குப் போய், கரோனா அச்சத்தால் ஆளில்லாத மைதானத்தில் ஏடிகே அணியிடம் 1-3 என்று தோற்றது.

நான்காவது 2021-22. கோவாவிடம் 0-5 என்று தோற்ற பிறகு, பிப்ரவரியில் பாண்டோவிச் நீக்கப்பட்டார். சென்னைக் கால்பந்தின் பழகிய முகமான சையது சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பேற்றார். எந்த எழுச்சியும் நிகழவில்லை; அணி எட்டாவதாகவே முடித்தது.

மாற்றாமல் எழுந்தது ஒரு முறை. மாற்றாமல் விழுந்தது ஒரு முறை. மாற்றி எழுந்தது ஒரு முறை. மாற்றியும் எழாதது ஒரு முறை. ஒரே மன்றத்தில் நான்கு சாத்தியங்களும் நிகழ்ந்திருக்கின்றன. ஆனால், ரசிகர்களின் நினைவில் ஆழமாகப் பதிந்திருப்பது மூன்றாவது மட்டும்தான். காயில் வந்தார், அணி எழுந்தது என்ற கதை சொல்வதற்கும் கேட்பதற்கும் சுகமானது.

எங்கள் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இதே கதையின் வேறு வடிவத்தைப் பல முறை கேட்டிருக்கிறேன். கோடை மழை பொய்த்து, காய் உதிர்ந்து, மகசூல் பாதியான ஆண்டில் தோட்டக்காரர் கங்காணியை மாற்றுவார். மறு ஆண்டு மழை வழக்கம்போலப் பெய்யும். மகசூலும் வழக்கமான அளவுக்குத் திரும்பும். புதுக் கங்காணி கெட்டிக்காரர் என்று ஊரே பேசும். பழையவரை வைத்திருந்தாலும் மழை பெய்திருக்கும் என்பதை யாரும் நினைத்துப்பார்ப்பதில்லை. மிக மோசமான ஆண்டுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிட நல்ல ஆண்டாகவே இருக்கும். கங்காணியின் திறமைக்கு அதில் பங்கு உண்டா என்பது தனிக் கேள்வி.

புள்ளியியலாளர்கள் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். டச்சுப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல், நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை இந்தக் கோணத்தில் ஆராய்ந்தார். சரிவைச் சந்தித்துப் பயிற்சியாளரை நீக்கிய அணிகளையும், அதே அளவு சரிந்தும் நீக்காத அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நீக்கிய அணிகள் மீண்டன. நீக்காத அணிகளும் ஏறத்தாழ அதேபோல மீண்டன. மாற்றத்தின் பலன் என்று நாம் நம்பியதில் பெரும்பகுதி, மாற்றாவிட்டாலும் கிடைத்திருக்கும்.

ஆகவே, புதிய பயிற்சியாளரைத் தேடும் முன் நிர்வாகம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாரைக் கொண்டுவருவது என்பதல்ல. அணி உண்மையிலேயே கெட்டுவிட்டதா, அல்லது பந்து கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்புகிறதா என்பதே. இதைக் கண்டறிய இன்று வழி இருக்கிறது. ஒவ்வோர் உதையும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, அது கோலாகும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். பெனால்டி உதைக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று. முப்பது கெஜத்துக்கு வெளியிலிருந்து அடித்தால் நூற்றில் ஓரிரண்டு. இவற்றைக் கூட்டினால், ஓர் அணி எத்தனை கோல் அடித்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எண் கிடைக்கும். அந்த எண் நன்றாக இருந்தும் தோற்கும் அணிக்குப் பொறுமை தேவை. எண்ணும் சரிந்து, முடிவும் சரிந்தால் மட்டுமே மாற்றம் பற்றிய பேச்சுக்கு இடம் உண்டு. தோல்விக்குப் பிந்தைய இரவில் சமூக ஊடகத்தில் எழும் கூச்சல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று அதனிடம் எதிர்பார்க்கவும் முடியாது, நிர்வாகத்திடம் எதிர்பார்க்கலாம்.

காயில் எதை மாற்றினார்? அப்படியானால் பயிற்சியாளரால் ஆவது ஒன்றுமில்லையா? நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். 2019இல் காயில் எடுத்தது ஓர் ஆட்டத்துக்குச் சராசரி இரண்டு புள்ளிகள். அந்த சீசனில் முதலிடம் பிடித்த கோவாவின் சராசரியே 2.17தான். இதை வெறும் மழை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால், அந்தக் கதையில் கவனிக்கப்படாத இரண்டு செய்திகள் உண்டு. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காத அணி, கிரிகோரியின் கடைசி இரண்டு ஆட்டங்களில் நான்கு கோல்கள் அடித்தது. ஹைதராபாத்தை 2-1 என்று வென்றது. ஒடிஷாவுடன் 2-2 என்று சமன் செய்தது. திருப்பம் அவர் போவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அடுத்தது, அந்த சீசனில் 15 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி பெற்ற லிதுவேனிய வீரர் நெரிஜஸ் வால்ஸ்கிஸும், ஆட்டத்தை நடத்திய பிரேசில் வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோவும் கிரிகோரியின் காலத்தில் சேர்க்கப்பட்டவர்கள். காயில் அவர்களைக் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு முன்னேறி ஆடவைத்தார். அதுவே அவருடைய திறமை. அந்தத் திறமை அந்த வீரர்களோடு பொருந்தியது.

பொருந்தியது என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில், அதே காயில் 2023இல் மீண்டும் அதே அணிக்கு வந்தார். இடையில் ஜாம்ஷெட்பூர் அணிக்கு 2021-22இல் லீக் கேடயத்தை வென்றுகொடுத்த புகழோடு வந்தார். வேறு வீரர்கள், முடிவும் வேறு. இரண்டு சீசன்களில் ஆறாவது, பதினோராவது. கிரிகோரியோ ஒரே மன்றத்தில் சாம்பியனாகவும் கடைசியாகவும் முடித்தவர். ஒரு மனிதரின் பயிற்சித் திறமை பன்னிரண்டு மாதங்களில் இப்படித் தலைகீழாக மாறாது. திறமை என்பது அவர் பெட்டியில் வைத்து ஊர் ஊராக எடுத்துச்செல்லும் பொருளும் அல்ல. யாரை வைத்து ஆடுகிறார், யார் அந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், எவ்வளவு காலம் கிடைத்தது என்பவற்றோடு சேர்ந்தே அது வெளிப்படுகிறது.

நம் மன்றங்களின் தேர்வு முறையில் நான் காணும் பெரிய குறை இங்கேதான். விண்ணப்பத்தில் உள்ள பெயருக்கும் கோப்பைகளுக்கும் மயங்குகிறார்கள். போடி ஏல மையத்தில் வியாபாரி மாதிரிக் காயைப் பிரித்து, நிறமும் பருமனும் லிட்டர் எடையும் பார்க்காமல் விலை கேட்க மாட்டார். கோடிக்கணக்கில் செலவழிக்கும் மன்றங்கள் அந்த அளவு சோதிக்கின்றனவா என்பது எனக்குச் சந்தேகம்தான். தவிர, முந்தையவருக்கு நேர்மாறானவரைத் தேடும் பழக்கமும் உண்டு. தற்காத்து ஆடியவர் போனால் தாக்கி ஆடுபவர். கண்டிப்பானவர் போனால் கலகலப்பானவர். உலகம் முழுவதும் இப்படித்தான். இதில் அடிபடுபவர்கள் வீரர்கள்.

டேராடூனிலிருந்து வந்த அனிருத் தாபா 2016இல் சென்னை அணியில் சேர்ந்து 2023இல் மோகன் பகானுக்குப் போனார். இந்த ஏழு ஆண்டுகளில் மாடராஸி, கிரிகோரி, காயில், லாஸ்லோ, பாண்டோவிச், பாஷா, பிரதாரிச் என்று ஏழு பேரின் கீழ் ஆடினார். நடுக்கள வீரர் ஒருவர் எங்கே நிற்க வேண்டும், பந்தை இழந்ததும் முன்னே பாய வேண்டுமா, பின்னே இறங்க வேண்டுமா என்பதற்கு ஏழு விதமான பதில்கள். வெளிநாட்டு வீரர்களுக்கு இந்தச் சுமை அவ்வளவு இல்லை. ஓரிரு ஆண்டுகளில் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். இந்திய வீரர்தான் அணியில் நிலைத்து நிற்பவர். 2021-22 சீசனிலிருந்து ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் மட்டுமே களத்தில் இருக்கலாம் என்று விதி வந்தது. பதினொருவரில் ஏழு பேர் இந்தியர். அப்படியிருக்க, மிசோரம் வீரரையும் மணிப்பூர் வீரரையும் வியாசர்பாடிப் பையனையும் ஒருவரையொருவர் அறியவைத்து ஆடச்செய்பவரைத் தேடுவதுதானே முறை? ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்குபவர் அவர்களின் பெயர்களைப் பழகி முடிப்பதற்குள் பாதி சீசன் போய்விடுகிறது.

இதற்கு மறுதரப்பும் உண்டு. இந்தியப் பயிற்சியாளர்களுக்குக் கிடைத்த வாய்ப்புகள் பெரும்பாலும் வீடு தீப்பிடித்த பிறகு கையில் திணிக்கப்பட்ட வாளிகள்தான் என்றாலும், அவர்களையும் காயிலுக்கு வைத்த அதே தராசில்தான் நிறுக்க வேண்டும். காலித் ஜமீல் 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு இடைக்காலப் பொறுப்பேற்று, லீக் சுற்றில் ஒரு தோல்வியும் இல்லாமல் அதை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுபோனார். ஐஎஸ்எல்லின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அடுத்த சீசனில் அதே அணி 11 அணிகளில் பத்தாவது. மிராண்டா 2023 ஏப்ரலில் ஒடிஷாவின் இடைக்காலப் பயிற்சியாளராக சூப்பர் கோப்பையை வென்றார். ஆனாலும் மன்றம் அவரை நிரந்தரமாக்காமல் ஸ்பெயினின் செர்ஹியோ லொபேராவைக் கொண்டுவந்தது. அது அநியாயம் என்று பலர் எழுதினாலும், லொபேரா அடுத்த சீசனில் அணியை அரையிறுதி வரை கொண்டுசென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். சில வார வெற்றியை வைத்து ஒருவரை நியமிப்பதும், சில வாரத் தோல்வியை வைத்து நீக்குவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். நியமிக்கப்பட வேண்டியவர் இந்தியர் என்பதால் அந்தத் தவறு சரியாகிவிடாது.

கோப்பைக்குப் பெரிய பெயர் தேவையில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில் 2018-19 ஐ-லீக்கை வென்றது. அதிகம் அறியப்படாத ஸ்பெயின் வீரர்கள், அவர்களோடு நம் ஊர் வீரர்கள். ஒரே விதமான ஆட்டத்துக்கேற்ப எல்லாரும் பொறுக்கி எடுக்கப்பட்டிருந்தார்கள். சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல்லில் கடைசி இடத்தில் முடித்த அதே சீசன் அது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மன்றமே சிதைந்துபோனது வேறு சோகம்.

உலக அளவில் அண்மைக் காலத்தின் மிகச் சிறந்த நியமனம் ஜெர்மனியின் லெவர்குசன் மன்றத்தில் நிகழ்ந்தது. 2022 அக்டோபரில் 18 அணிகளில் பதினேழாவது இடத்தில் இருந்தபோது, ஸாபி அலோன்ஸோவைக் கொண்டுவந்தார்கள். பெரிய வீரர்; ஆனால், எந்த மன்றத்தின் முதன்மை அணிக்கும் அதுவரை தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 2023-24இல் ஒரு தோல்வியும் இல்லாமல் லீக்கை வென்றார். இதை எல்லாரும் அலோன்ஸோவின் மந்திரம் என்கிறார்கள். முதல் சீசனில் அவர் பிடித்தது ஆறாவது இடம். அதன் பிறகு வந்த கோடையில், அவர் விரும்பிய ஆட்டத்துக்கு ஏற்ற கிரானித் ஷாகா, அலெஹாந்த்ரோ கிரிமால்டோ, விக்டர் போனிஃபேஸ் ஆகியோரை மன்றம் கொண்டுவந்து சேர்த்தது. விளையாட்டு இயக்குநரும் பயிற்சியாளரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து வேலை செய்தார்கள்.

அறைக்குள் கேட்க வேண்டியவை: தேர்வுக் குழுவில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தால், வந்தவரிடம் அவர் வென்ற கோப்பைகளைப் பற்றிக் கேட்க மாட்டேன். இந்த அணியின் கடைசிப் பத்து ஆட்டங்களைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்பேன். பார்த்திருந்தால், மாற்று வீரர்களின் இருக்கையில் உட்கார்ந்திருந்த எந்த இந்திய வீரரை, எந்த இடத்தில் ஆடவிட்டிருப்பார்? ஜனவரிப் பரிமாற்ற காலம் வரை ஒரு வீரரைக்கூட வாங்க முடியாது என்றால் என்ன செய்வார்? அவர் போன பிறகு அணியில் எஞ்சப்போகும் உதவிப் பயிற்சியாளர் யார்? இளையோர் அணியிலிருந்து எத்தனை பேருக்கு, எத்தனை நிமிடங்கள் தருவார்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் அறிமுகமில்லாத பயிற்சியாளர், தயங்கும் உலகக் கோப்பை வீரரைவிட எனக்கு மேல்.

அவர் நம்மிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: வீரர்களை யார் வாங்குகிறார்கள்? இதற்குத் தெளிவான விடை இல்லாத மன்றத்தில் எவர் வந்தாலும் மற்றவர் சமைத்ததற்குப் பழி ஏற்பவராகவே இருப்பார். லாஸ்லோவின் 2020-21 சீசனைப் பாருங்கள். காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அவர் பின்னால் போனார். கோலடிப்பவரை இழந்த அணியைப் பெற்ற லாஸ்லோ, 20 ஆட்டங்களில் 11 சமன்களோடு முடித்தார். பழி அவர் தலையில் விழுந்தது.

2025 ஜூலையில் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த சீசன் நடக்குமா என்றே தெரியாத அந்த நாள்களில்தான் மிராண்டா சென்னை அணியின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய அணிக்குக் காலித் ஜமீல் வந்தார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய அணிக்கு ஓர் இந்தியர். இரண்டு நியமனங்களையும் நான் வரவேற்கிறேன். இரண்டிலும் கொள்கைக்கு எவ்வளவு பங்கு, கஜானா வற்றியதற்கு எவ்வளவு பங்கு என்ற ஐயமும் எனக்கு உண்டு. தாமதமான ஐஎஸ்எல் 2026 பிப்ரவரியில், ஓர் அணிக்கு 13 ஆட்டங்கள் மட்டும் கொண்ட குறுகிய தொடராகத் தொடங்கியது. 2015இல் சென்னை அணி பட்டியலின் அடியில் கிடந்தபோது பத்து ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தது. அதே அளவீட்டில் மிராண்டாவுக்கு மிஞ்சுவது மூன்றே ஆட்டங்கள். இந்த 13 ஆட்டங்களின் புள்ளிகளை மட்டும் வைத்து அவரைத் தொடரச் சொல்லவோ போகச் சொல்லவோ நிர்வாகம் முடிவெடுக்குமானால், அடுத்த நேர்காணலுக்கு வருபவரிடமும் பழைய கேள்விகளையே கேட்கப்போகிறது என்று பொருள்.